பதவி துறந்த தலைவர்

1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள், சீனக் குடியரசின் முதல் தலைவர் தம் பதவியினின்றும் விலகுவதாக நான்கிங் நகரிலிருந்த சட்டமன்றத்திற்கு எழுதியனுப்பினார். அவர் அப்பதவியை ஏற்று ஒன்றரைத் திங்களே ஆகியிருந்தது. அவர் தேர்தலில் தோற்றவரல்லர்; நோயுற்றவருமல்லர். நாடு கடந்து திரிந்து, பதினாறு ஆண்டுகள் அல்லற்பட்டுத் தேடிய விடுதலையின் பயனை, அதற்காக ஒரு நாளும் உழைத்தறியாத படைத்தலைவர் ஒருவரிடம் ஒப்படைக்க அவர் முன்வந்தார். விலகியவர் டாக்டர் சன் யாட் சென். பதவியைப் பெற்றவர் யுவான் ஷி காய்.

சீனத்தின் தென்கடற்கரையில் உள்ளது குவாங்டுங் மாகாணம். அங்கே, மக்காவோத் துறைமுகத்திற்கு அணித்தாகச் சுயிஹெங் என்னும் சிற்றூரில், 1866ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் ஓர் ஏழை உழவர் குடியில் சன் யாட் சென் பிறந்தார். அவருடைய தமையனார் ஹவாய்த் தீவுக்குக் குடிபெயர்ந்து, அரும்பாடுபட்டு நிலமும் கால்நடையும் தேடிக்கொண்டவர். 1879இல் தம்பியும் அங்கே அனுப்பப்பெற்றார். பன்னிரண்டு வயது நிரம்பிய அச்சிறுவர், ஹோனலூலுவில் கிறித்தவப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் கற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபொழுது, பழைய ஊரும் பழைய வழக்கங்களும் அவருக்கு ஒவ்வாதனவாயின. கோயில் திருவுருவம் ஒன்றைச் சிதைத்துவிட்டார் என்று ஊரார் சினந்தெழவே, அவர் ஹாங்காங் சென்று கல்வியைத் தொடர நேர்ந்தது. அங்கே மருத்துவம் பயின்று 1892இல் தேறினார். ஜேம்ஸ் காண்ட்லி என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அந்த ஆசிரியரின் நட்பு பின்னாளில் அவருயிரையே காத்தது.

அக்காலத்தில் சீனத்தை ஆண்டவர்கள் மஞ்சூ மரபினர். 1644ஆம் ஆண்டு முதல் அவர்கள் ஆட்சி நடந்து வந்தது. அயல்நாட்டாரோடு செய்த போர்களில் அவ்வரசு மீண்டும் மீண்டும் தோற்றது. துறைமுகங்கள் ஒவ்வொன்றாகப் பிறர் கைக்குச் சென்றன. மக்கள் வறுமையில் ஆழ்ந்தனர். 1894இல் இளைஞர் சன் யாட் சென், நாட்டைச் சீர்திருத்தும் வழிகளை விரித்தெழுதி, அரசின் பேரமைச்சராக விளங்கிய லி ஹுங் சாங்கிற்கு ஒரு விண்ணப்பம் விடுத்தார். அதனை ஏற்பார் இல்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் ஹோனலூலுவில் சீன மறுமலர்ச்சிச் சங்கத்தை நிறுவினார். முறையீட்டால் ஆகாதது கிளர்ச்சியால் ஆகும் என்னும் முடிவிற்கு அவர் வந்துவிட்டார்.

1895இல் காண்டன் நகரில் தொடங்கவிருந்த முதற் கிளர்ச்சி, காலத்திற்கு முன்னரே வெளிப்பட்டுவிட்டது. இளமை முதல் உடனிருந்த நண்பர் ஒருவர் கொலைத்தண்டனை பெற்றார். சன் யாட் சென் தப்பி ஓடினார். அவர் தலைக்கு அரசாங்கம் விலை குறித்தது. அடுத்த ஆண்டு இலண்டனில் சீனத் தூதரகத்தார் அவரைப் பிடித்து ஓர் அறையில் அடைத்துவைத்தனர். கப்பலேற்றிச் சீனத்திற்கு அனுப்பியிருந்தால் தலை துணிக்கப்படுவது உறுதி. தூதரகத்தில் பணிபுரிந்த ஆங்கிலேய ஏவலாள் ஒருவர் வாயிலாக அவர் அனுப்பிய சிறு சீட்டு காண்ட்லியின் கைக்குச் சேர்ந்தது. ஆசிரியர் காவல் நிலையத்திற்கும் வெளிநாட்டு அலுவலகத்திற்கும் செய்தித்தாள் நிலையங்களுக்கும் ஓய்வின்றி நடந்தார். பன்னிரண்டு நாட்களுக்குப் பின் மாணவர் விடுதலை பெற்றார். அந்நிகழ்ச்சியால் சன் யாட் சென்னின் பெயரை உலகம் அறிந்தது.

பின்னர் அவர் வாழ்க்கை முழுவதும் பயணமாயிற்று. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, சிங்கப்பூர், பினாங்கு எனச் சீனர் குடியேறிய இடமெல்லாம் சென்று பொருள் திரட்டினார். 1905இல் டோக்கியோ நகரில் புரட்சிச் சங்கங்களை ஒருங்கிணைத்தார். தேசியம், மக்களாட்சி, மக்கள் வாழ்வு என்னும் மூன்று கொள்கைகளை வகுத்தார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் பினாங்கில் கூடித் திட்டமிட்டபடி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் காண்டனில் மற்றுமொரு கிளர்ச்சி நிகழ்ந்தது. அதுவும் வீழ்ந்தது. சன் யாட் சென் முயன்ற கிளர்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியே கண்டன.

வென்ற கிளர்ச்சியோ அவரில்லாமலே தொடங்கியது. 1911ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், யாங்ட்சி ஆற்றங்கரையிலுள்ள ஊச்சாங் நகரில், அரசின் புதிய படையைச் சேர்ந்த வீரர்களே எழுந்தனர். சன் யாட் சென் அப்பொழுது அமெரிக்காவில் டென்வர் நகரில் தங்கியிருந்தார். செய்தித்தாளைக் கண்டே அதனை அறிந்தார். எழுந்த வீரர்களுக்குத் தலைவர் இல்லை. ஆகவே, புரட்சியில் சிறிதும் விருப்பமில்லாத லி யுவான் ஹுங் என்னும் படையதிகாரியைப் பிடித்துவந்து, துப்பாக்கியைக் காட்டித் தலைமையை ஏற்கச் செய்தனர். இரண்டு திங்களுக்குள் மாகாணங்களிற் பெரும்பாலானவை மஞ்சூ அரசினின்றும் பிரிந்தன. அவற்றுட் பலவற்றில் ஆட்சியைக் கைக்கொண்டவர்கள் படையதிகாரிகளே. குடியரசின் தொட்டிலை ஆட்டிய கை துப்பாக்கி ஏந்திய கையாக இருந்தது. வெற்றிக் களிப்பில் இதனைப் பலர் கருதிப் பார்த்திலர்.

அச்சமுற்ற அரசவை யுவான் ஷி காயை அழைத்தது. அவர் 1895 முதல் வடநாட்டுப் படையைப் புதிய முறையிற் பயிற்றி உருவாக்கியவர். அப்படையின் தளபதிகள் அவர் கைபடப் பழகியவர்கள். அரசரை அறிந்ததைக் காட்டிலும் அவரை நன்கறிந்தவர்கள். 1898இல் இளவயதுப் பேரரசர் சீர்திருத்தம் செய்ய முனைந்தபொழுது, அவர் பக்கம் நில்லாமல் அரசமாதேவியின் பக்கம் சேர்ந்தவர் யுவான் என்று பெயர் பெற்றிருந்தார். 1909இல் கால்நோய் என்று காரணங் காட்டி அரசவை அவரைப் பதவி நீக்கியது. இப்பொழுது அதே அரசவை அவரைப் பேரமைச்சராக்கிப் படை முழுவதையும் ஒப்படைத்தது. யுவான் புரட்சியாளரைச் சற்றே தாக்கித் தம் வலிமையைக் காட்டினார், பின்பு நின்றுகொண்டார். முற்றிலும் அடக்கினால் அரசவைக்குத் தாம் தேவையில்லை. அடக்காவிட்டால் இரு திறத்தாரும் தம்மையே நாடி நிற்பர் என்பது அவர் கணக்கு.

சன் யாட் சென் உடனே தாயகம் திரும்பினாரல்லர். இலண்டன் சென்று, மஞ்சூ அரசுக்குக் கடன் கொடாதிருக்குமாறு அங்குள்ளோரை வேண்டினார். டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் ஷாங்காய் வந்து சேர்ந்தார். நான்கு நாட்களில், நான்கிங்கில் கூடிய பதினேழு மாகாணங்களின் பிரதிநிதிகள் பதினாறு வாக்குகளால் அவரை இடைக்காலக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1912ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் அவர் பதவியேற்றார். முடியரசர்களின் ஆண்டுக் கணக்கு நீங்கி, அன்று முதல் குடியரசின் ஆண்டுக் கணக்கு தொடங்கியது.

ஆயினும், அந்த அரசு நிற்பதற்குரிய நிலம் மிகச் சிறிது. கருவூலம் வெறுமையாக இருந்தது. சுங்க வருவாயை அயல்நாட்டார் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டனர். நான்கிங்கில் குழுமியிருந்த படைகளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. வடக்கே யுவானின் படை குலையாமல் நின்றது. போர் நீளுமானால், ஜப்பானும் ருஷ்யாவும் ஐரோப்பிய வல்லரசுகளும் நாட்டைக் கூறு போட்டுக்கொள்ளும் என்னும் அச்சமும் இருந்தது. சன் யாட் சென் பதவியேற்கும்பொழுதே, யுவான் குடியரசை ஏற்றால் அவருக்கே இடம் விடுவதாகத் தந்தி வாயிலாகத் தெரிவித்திருந்தார். எனவே, அவர் விலகியது வள்ளன்மை மட்டுமன்று. வேறு வழியின்மையும் ஆகும். ஆனால், வேறு வழியில்லாதபொழுதும் பதவியைப் பற்றிக்கொண்டு நாட்டை எரியவிட்ட தலைவர்கள் வரலாற்றில் மிகப் பலர்.

சனவரி இறுதியில் யுவானின் தளபதிகள் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் கூட்டாகத் தந்தி விடுத்து, குடியரசை ஏற்குமாறு அரசவையை வற்புறுத்தினர். பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், ஆறு வயதுக் குழந்தையாகிய பேரரசர் பூ யீயின் பெயரால் முடி துறக்கும் ஆணை வெளிவந்தது. மறுநாளே சன் யாட் சென் விலகல் கடிதத்தை அனுப்பினார்.

அக்கடிதத்தோடு அவர் மூன்று கட்டளைகளை இணைத்தார். தலைநகர் நான்கிங்கிலேயே இருத்தல் வேண்டும். புதிய தலைவர் நான்கிங்கிற்கு நேரில் வந்து பதவியேற்ற பின்னரே பழைய தலைவர் விலகுவார். இடைக்கால அரசியலமைப்புச் சட்டத்திற்குப் புதிய தலைவர் கட்டுப்பட்டு நடத்தல் வேண்டும். இவற்றின் கருத்து வெளிப்படை. பீகிங் யுவானின் கோட்டை. அவருடைய படைகள் அங்கேயே பாசறை அமைத்திருந்தன. அவரைத் தம் படையினின்றும் பிரித்துத் தெற்கே கொணர்ந்தால், சட்டம் அவரைக் கட்டும் என்று நான்கிங்கார் நம்பினர். அச்சட்டமோ, தலைவரின் அதிகாரத்தைச் சுருக்கி அமைச்சரவைக்கும் மன்றத்திற்கும் மிகுதியாகத் தந்தது. சன் யாட் சென் தலைவராயிருந்த நாட்களில் தலைவரின் கையே ஓங்கியிருந்தது; யுவான் வரப்போகிறார் என்றதும் அம்முறை மாற்றப்பட்டது. ஒருவரைக் கண்டு அஞ்சி இயற்றப்பெற்ற சட்டத்தை, அவ்வொருவர் எங்ஙனம் மதிப்பார் என்னும் கேள்வி அப்பொழுதே எழுந்திருத்தல் வேண்டும்.

பிப்ரவரி 15ஆம் நாள் மன்றம் யுவானை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. அன்று சன் யாட் சென் நான்கிங்கின் புறத்தேயுள்ள மிங் மரபு முதல் பேரரசரின் சமாதிக்குச் சென்று, அயல் மரபினரின் ஆட்சி நீங்கியதை முறைப்படி அறிவித்து வணங்கினார். பின்னர் யுவானை அழைத்து வருவதற்கென ஒரு தூதுக்குழு பீகிங் சென்றது. யுவான் அவர்களை இன்முகத்தோடு வரவேற்றார். தெற்கே வருவதற்குத் தடையொன்றும் சொல்லவில்லை. பிப்ரவரி 29ஆம் நாள் இரவு, சாவ் குன் என்னும் தளபதியின் கீழிருந்த மூன்றாம் படைப்பிரிவு திடீரெனக் கலகம் செய்தது. கடைகள் சூறையாடப்பட்டன, தெருக்கள் எரிந்தன, தூதுக்குழுவினர் தங்கியிருந்த விடுதியும் தாக்கப்பட்டது. அவர்கள் உயிர் பிழைத்ததே அரிது. அயல்நாட்டுத் தூதரகங்கள் தம் படைகளை வருவித்துக்கொண்டன. இந்நிலையில் தாம் தலைநகரை விட்டு அகலலாகாது என்றார் யுவான். கலகத்தை அவரே தூண்டினாரா என்பது பற்றி வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்துடையரல்லர். எவ்வாறாயினும், பயன் அவருக்கே கிடைத்தது. நான்கிங் மன்றம் இணங்கியது. மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் பீகிங்கிலேயே அவர் பதவியேற்று உறுதிமொழி கூறினார். சட்டம் அதற்கு மறுநாள்தான் வெளியிடப்பெற்றது. ஏப்ரல் முதல் நாள் சன் யாட் சென் பதவியை முற்றிலும் விட்டகன்றார்.

மூன்று கட்டளைகளுள் இரண்டு அங்ஙனம் அழிந்தன. எஞ்சிய சட்டத்தை மட்டும் நம்பி, சன் யாட் சென் நாட்டுக்கு இருப்புப்பாதை அமைக்கும் பணியில் முனைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பீகிங் சென்று யுவானைப் பதின்மூன்று முறை சந்தித்தார். யுவான் அவருக்கு இருப்புப்பாதைத் துறையின் முழுப் பொறுப்பை அளித்து, மறைந்த அரசமாதேவி ஏறிச் சென்ற அணிகலப் பெட்டி வண்டியையும் பயணத்திற்குக் கொடுத்தார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டர்ப் பாதை இடுவதாகச் சன் யாட் சென் படம் வரைந்தார். அவர் வரைந்துகொண்டிருந்த காலத்தில், யுவான் தளபதிகளை மாகாணந்தோறும் அமர்த்திக்கொண்டிருந்தார்.

சன் யாட் சென்னின் தோழர்களுள் இளையவர் சுங் சியா ஜென். பாராளுமன்ற முறையைக் கொண்டே யுவானைக் கட்டலாம் என்று முனைந்தவர் அவர். கோமிண்டாங் கட்சியை அவர் அமைத்துத் தேர்தலில் வெற்றி பெறச் செய்தார். முதலமைச்சராகும் தறுவாயில், 1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், ஷாங்காய் இருப்புப்பாதை நிலையத்தில் அவர் சுடப்பட்டு, இரண்டு நாட்களில் உயிர் நீத்தார். அவருக்கு வயது முப்பது. ஆராய்ச்சியிற் கிடைத்த கடிதங்கள் யுவானின் அரசாங்க அதிகாரிகள் வரை தொடர்பு காட்டின. அடுத்த திங்களில், மன்றத்தின் இசைவின்றியே, ஐந்து நாட்டு வங்கிகளிடம் இரண்டரைக் கோடிப் பவுன் கடன் பெற்றார் யுவான். அப்பணம் படைக்குச் சென்றது. தென்மாகாணங்கள் எழுந்தன, இரண்டு திங்களில் அடக்கப்பட்டன. சன் யாட் சென் மீண்டும் ஜப்பானுக்கு ஓடினார். அக்டோபரில் அச்சுறுத்தும் கூட்டம் பாராளுமன்றத்தைச் சூழ்ந்து நிற்க, யுவான் நிலையான தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பரில் கோமிண்டாங் தடை செய்யப்பட்டது. சனவரியில் பாராளுமன்றமே கலைக்கப்பட்டது.

இத்தோல்வி சன் யாட் சென்னின் உள்ளத்தைக் கடுமையாக்கியது. தோழர்கள் தம் சொற்படி கேளாமையே தோல்விக்குக் காரணம் என்று அவர் கருதினார். 1914இல் டோக்கியோவில் அமைத்த புதிய கட்சியில் சேர்வோர், தமக்கே கீழ்ப்படிவதாக உறுதி கூறி விரல்ரேகை பதிக்க வேண்டும் என்றார். நெடுநாள் தோழராகிய ஹுவாங் சிங் அதற்கு இசையாமல் ஒதுங்கினார். மக்களாட்சி வேண்டிய தலைவர் தனிமனிதர்பால் பணிவு கேட்டது பொருந்தாது என்று அவர் எண்ணியதில் தவறில்லை.

1915ஆம் ஆண்டின் இறுதியில் யுவான் பேரரசராக முடிசூட முனைந்தார். அவருடைய தளபதிகளே அதனை விரும்பவில்லை. பேரரசர் ஒருவர் வந்தால், தாம் தலைவராகும் நாள் வாராது அன்றோ? யுன்னான் மாகாணத்தில் சாய் ஓ என்னும் படைத்தலைவர் கிளர்ந்தெழுந்தார். எண்பத்து மூன்று நாட்களில் பேரரசுக் கனவு கலைந்தது. 1916ஆம் ஆண்டு சூன் திங்கள் 6ஆம் நாள் யுவான் இறந்தார்.

ஒருவர் கையிலிருந்த படை பலர் கைக்குச் சிதறியது. தளபதி தன் மாகாணத்து வரியைத் தண்டினான். அவ்வரியாற் கூலி பெற்ற வீரன் தளபதிக்கே உரியவனானான். வீரர் பெருகவே வரியும் பெருகிற்று. சில இடங்களில் பல ஆண்டுகளுக்குரிய நிலவரியை முன்கூட்டியே பறித்தனர். அபினிப் பயிரும் அவர்களுக்கு வருவாயாயிற்று. தலைநகரைக் கைப்பற்றியவர் குடியரசுத் தலைவரை ஆக்கினார். மற்றொருவர் வந்து அவரை நீக்கினார். முன்பு துப்பாக்கிக்கு அஞ்சித் தலைமையேற்ற லி யுவான் ஹுங் இருமுறை குடியரசுத் தலைவராகி, இருமுறையும் தளபதிகளாலேயே வெளியேற நேர்ந்தது. 1917இல் ஒரு தளபதி குழந்தைப் பேரரசரை மீண்டும் அரியணையில் ஏற்றிப் பன்னிரண்டு நாட்கள் வைத்திருந்தார். 1912இல் பீகிங்கைச் சூறையாடிய படைப்பிரிவின் தலைவராகிய சாவ் குன், 1923இல் பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஆளுக்கு ஐயாயிரம் வெள்ளி கொடுத்து வாக்கு வாங்கிக் குடியரசுத் தலைவரே ஆனார்.

சன் யாட் சென் தெற்கே காண்டனில் மாற்று அரசு நிறுவ முயன்றார். அவருக்குச் சொந்தப் படையில்லை. ஆகவே, ஒரு தளபதியை எதிர்க்க மற்றொரு தளபதியையே அண்ட வேண்டியிருந்தது. 1918இல் குவாங்சித் தளபதிகள் அவரைப் பெயரளவிலான தலைவராக்கிவிடவே அவர் வெளியேறினார். 1920இல் சென் சியுங் மிங் என்னும் தளபதி காண்டனை மீட்டுத் தந்தார். அவர் பழைய தோழர். ஆனால், வடக்கே படையெடுத்துச் சென்று நாடு முழுவதையும் ஒன்றாக்க வேண்டும் என்ற சன் யாட் சென்னின் கருத்தை ஒப்பாதவர். தம் மாகாணத்தை முதலிற் சீர்செய்ய விரும்பியவர். 1922ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் விடியுமுன், அவருடைய வீரர் தலைவர் மாளிகையைப் பீரங்கிகொண்டு தாக்கினர். சன் யாட் சென் இருளில் தப்பிப் போர்ப்படகு ஒன்றை அடைந்தார். அவர் மனைவியார் சுங் சிங் லிங், கணவர் பிழைத்தாற் போதும் என்று பின்தங்கி, குண்டுமாரிக்கிடையே ஊர்ந்து தப்பினார். வயிற்றிலிருந்த மகவை இழந்தார். பல்லாண்டுகள் எழுதிவைத்த கையெழுத்துப் படிகள் நெருப்புக்கு இரையாயின. ஐம்பது நாட்களுக்கு மேல் சன் யாட் சென் படகிலேயே காத்திருந்தார். அப்பொழுது ஷாங்காயிலிருந்து வந்து உடனிருந்தவருள் ஒருவர், சியாங் கை ஷேக் என்னும் இளம் படையதிகாரி.

எதிரிகள் செய்த வஞ்சனையினும் தோழர் செய்த வஞ்சனை அவரை மிகுதியும் வருத்தியது. இரவலாகப் பெற்ற படையால் குடியரசை நிறுவ இயலாது என்பதை அவர் ஐயமறத் தெளிந்தார். சோவியத் ருஷ்யா ஆசிரியர்களும் ஆயுதமும் பணமும் தந்தது. மீண்டும் காண்டனைப் பெற்றபின், ஆற்றிடைத் தீவாகிய வாம்போவாவில் ஒரு படைப்பள்ளி அமைத்தார். அதனை முறைப்படி திறந்துவைத்த நாள் 1924ஆம் ஆண்டு சூன் திங்கள் 16. மாளிகை தாக்கப்பட்டுச் சரியாக ஈராண்டு. முதல் வகுப்பில் ஏறக்குறைய ஐந்நூறு மாணவர் இருந்தனர். அவர்களுக்குப் போர்ப் பயிற்சியோடு அரசியற் பாடமும் கற்பிக்கப்பட்டது. வீரன் கட்டுப்பட வேண்டியது தளபதிக்கன்று, நாட்டிற்கும் கொள்கைக்குமே என்பது அப்பாடத்தின் சாரம். பள்ளியின் தலைவராகச் சியாங் கை ஷேக் அமர்த்தப்பட்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் வடக்கே பெங் யூ சியாங் என்னும் தளபதி ஓரிரவில் பீகிங்கைக் கைப்பற்றினார். சாவ் குன் பதவி விலகச் செய்யப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். நாட்டின் எதிர்காலத்தைப் பேச வருமாறு சன் யாட் சென்னுக்கு அழைப்பு வந்தது. தோழர் சிலர் செல்ல வேண்டா என்றனர், அவர் புறப்பட்டார். வழியெல்லாம் நோய் முற்றியது. அவர் சேர்வதற்குள் யுவானின் பழைய தளபதியாகிய துவான் சீ ரூய் ஆட்சித் தலைமையை ஏற்றுக்கொண்டார். வணிகர், தொழிலாளர், உழவர், மாணவர் ஆகியோரின் பேரவை கூட வேண்டும் என்று சன் யாட் சென் கேட்டார்; துவானோ பெரும்பாலும் படைத்தலைவரும் அவர்தம் ஆட்களும் அமர்ந்த மாநாட்டைக் கூட்டினார். கோமிண்டாங் அதிற் கலந்துகொள்ளவில்லை. சனவரி இறுதியில் மருத்துவர் அறுவை செய்து பார்த்தபொழுது, புற்றுநோய் ஈரலை முற்றிலும் பற்றியிருந்தது. 1925ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் அவர் காலமானார். மனைவியார்க்கு அவர் விட்டுச் சென்றவை புத்தகங்களும் உடைகளும் ஒரு வீடுமே.

அடுத்த ஆண்டு வாம்போவா மாணவர் முன்னணியில் நிற்க, தென்னாட்டுப் படை வடக்கே புறப்பட்டது. ஈராண்டுக்குள் அது பீகிங் வரை சென்றது. இடையே 1927இல், கட்சிக்குள் உடனிருந்த பொதுவுடைமையினரைச் சியாங் கை ஷேக் கொன்றொழித்தார். ஒரே பள்ளியில் ஒரே பாடம் கற்றவர்கள் இரு திறத்தும் நின்று பொருதனர். 1928இல் சியாங் கை ஷேக் அரசின் தலைவரானார்.

சன் யாட் சென்னின் விருப்பப்படி, நான்கிங் நகரின் கிழக்கே, மிங் பேரரசரின் சமாதிக்கு அருகில், ஊதா மலைச் சாரலில் அவருக்குச் சமாதி எழுப்பப்பட்டது. 392 படிகள் ஏறி அதனை அடைதல் வேண்டும். பீகிங்கின் மேற்கு மலைக் கோயிலில் நான்காண்டுகள் வைக்கப்பட்டிருந்த உடல், 1929ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நாள் அங்கே அடக்கம் செய்யப்பெற்றது. சுங் சிங் லிங் அதற்கென ஐரோப்பாவினின்றும் வந்தார். தாம் சியாங்கின் அரசிற் பங்குகொள்ளவில்லை என்பதைப் புறப்படும் முன்னரே வெளிப்படையாக அறிவித்துவிட்டிருந்தார்.